நாகப்பன் கோப்பி கேட்ட ராகம்

நாகப்பன் ஒரு கோப்பி கேட்டான். எங்கள் லயத்து வரிசை வீடு அத்தனையும் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது.

1979இல் எங்கள் தேயிலை மலையில் நடந்தது இது. பனி கூரையை விட்டு இன்னும் இறங்கவில்லை. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நடு லயத்துக் கடைசி வீட்டிலிருந்து திடீரென்று ஓர் ஒப்பாரி. ஆண் குரல். இழுத்து, குழைத்து, மூக்கால் அழுது, கடைசியில் ஒரு விக்கலில் போய் விழுகிற சரியான சாவு வீட்டு ராகம். வார்த்தையை யார் கேட்டார்கள்? ராகம் போதாதா! பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடுகிற வேகத்திலேயே ஒருத்தி கொண்டையை அவிழ்த்துவிட்டாள். தப்படிக்கிறவர் தோலுக்குச் சூடு காட்டக் காய்ந்த தேயிலைக் குச்சியைக் கொளுத்திவிட்டார். முன்யோசனைக்காரர் ஒருவர் பெட்டிக்கு அளவெடுக்கக் கயிற்றோடு வந்து நின்றார்.

உள்ளே போனால், பிணம் கட்டிலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.

"கோப்பி கலக்கலியே, ராசம்மா... கொஞ்சம் சீனி போடலியே..."

எதிரில் அவன் மனைவி இராசம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தனக்கே தெரியாமல் நின்றாள்.

"பேசிட்டாரு! எங்க வீட்டுக்காரரு பேசிட்டாரு!"

"பேசலை அக்கா, எழவு பாடுறாரு," என்றார் கயிற்றுக்காரர். வந்த வேலை கெட்டுப்போன வருத்தம் அவருக்கு.

"எதுவோ ஒண்ணு! நீங்க கயித்தைச் சுருட்டிக்கிட்டுப் போங்க லா. அவரு சீனி கேக்குறாரு."

இராசம்மா எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அது வயிற்றுக்கு. பேருக்கு அவள் ஒப்பாரிக்காரி. கம்போங் ராஜாவிலிருந்து ரிங்லெட் வரைக்கும் எந்தத் தோட்டத்தில் உயிர் போனாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். அவள் இங்கே மூக்கைச் சிந்தினால் மலைக்குக் கீழே தாப்பாவில் குடை விரிப்பார்கள். அவள் பாடுகிற பெருமையைக் கேட்டுப் பிணமே எழுந்து, "அட, நான் இவ்வளவு நல்லவனா?" என்று கேட்காத குறைதான்.

நாகப்பன் கொழுந்து லோரி ஓட்டியவன். பெரிய வாயாடி. பெண்டாட்டியின் ஒப்பாரியைக் கிண்டல் செய்வதுதான் அவனுக்குச் சாப்பாடு. மேட்டில் லோரி மூச்சு நின்று போனால் இறங்க மாட்டான். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எண்ணெய் குடிச்ச மகராசா, என்னை விட்டுப் போனியே..." என்று இராசம்மா மாதிரியே மூக்கால் பாடுவான். மேலே மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவர்கள் சிரித்துச் சிரித்து, மூட்டைகள் நழுவி விழும். ஒருமுறை அந்த ஒப்பாரி கேட்டு எஞ்சினே வெட்கப்பட்டுக் கிளம்பியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நம்பாதவர்கள் நம்பாமல் போகலாம்.

அந்த வாய்தான் போனது. அதற்கு முந்தின வருஷக் கடைசியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். வலது கை, வலது கால், வாய் மூன்றையும் வாதம் இழுத்துக்கொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தான். கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கை கொஞ்சம் வந்தது. பேச்சு மட்டும் வரவே இல்லை. எல்லாம் புரியும். சொல்ல வாயைத் திறந்தால் "அ... அ..." என்று மட்டும் வரும். தோட்டத்தையே சிரிக்க வைத்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அன்றைக்குக் காலையில் இராசம்மாவுக்கு மனசு விட்டுப்போய், அடுப்படியில் குந்தி, "வாயால வாழ்ந்த ராசா, வாய மூடிக் கெடக்குறியே..." என்று தனக்குத்தானே இழுத்திருக்கிறாள். அடுத்த வரிக்கு மூச்சு வாங்கும்போது, பின்னாலிருந்து அடுத்த வரி வந்தது. அந்த வரிதான் கோப்பி. தேயிலைக்கு நடுவில் பிறந்தவன், ஆறு மாதம் ஊமையாகக் கிடந்து, முதல் வார்த்தையாகக் கேட்டது கோப்பி. தோட்டத்துத் துரை கேட்டிருந்தால் வேலைச் சீட்டைக் கிழித்திருப்பார்.

மறுவாரம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, மிஸி ஹஃபீசாவிடம் இராசம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸுகளை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். ஹஃபீசா தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஷஹாபுதீன் பாயின் மகள். சின்ன வயசு, பொறுமையான பெண்.

"அக்கா, இது நல்ல சேதி," என்றாள் அவள். "மூளையில பேசுற எடம் வேற, பாடுற எடம் வேறயாம். பேசுற எடம் அடிபட்டாலும் பாட்டு பொழைச்சுக் கெடக்கலாம். அந்தப் பாட்டைப் புடிச்சுக்கிட்டே பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கலாம். வெளிநாட்டுல இதுக்குன்னே ஆளு வெச்சுப் பாட வெக்கிறாங்க. மியூசிக் தெரப்பின்னு பேரு. படிக்கிறப்ப ஒரு டாக்டரு சொன்னாரு."

"பாடுனா முழுசா சரியாயிருமா மிஸி?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஆகலாம், ஆகாமலும் போலாம். மருந்தையும் நிறுத்தக் கூடாது. ஆனா மனுசன் சுவத்தைப் பாத்துப் படுக்காம ஒக்காந்தாருல்ல? கை கால் மட்டுமா ஒடம்பு? மனசும் சேந்து எந்திரிக்கணும். பாடும்போது இடது கையால தொடையில தாளம் தட்டச் சொல்லுங்க. ஆமா, என்ன பாட்டு பாடுறாரு?"

"ஒப்பாரி."

மிஸி கையிலிருந்த வெப்பமானியை உதறிக்கொண்டே இருந்தாள். "வேற ஏதும் வராதா அக்கா?"

முயற்சி செய்யாமலா இருப்பார்கள்? கோயில் பஜனை, தாலாட்டு, ரேடியோவில் வருகிற காதல் பாட்டு எல்லாம் அங்கேயே பாட வைத்துப் பார்த்தார்கள். முதல் வரி மரத்தைப் போல நிற்கும். இரண்டாவது வரி வழுக்கிக்கொண்டு போய் ஒப்பாரியில் விழும். அவன் நாக்கு முப்பது வருஷமாக ஓடிப் பழகிய ஒரே ரோடு அதுதான்.

"ரோடு எதுவா இருந்தா என்ன? வண்டி ஓடுதுல்ல," என்று சொல்லிவிட்டு இராசம்மா வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்த வீட்டில் ஒப்பாரிதான். குளிக்க வெந்நீர் வேண்டும் என்பதற்கு ஒன்று, குளிர் தாங்கவில்லை என்பதற்கு ஒன்று, கருவாடு கரிந்துபோனதற்கு நீளமாக ஒன்று. இடது கை தொடையில் தட்டும். இராசம்மா பாடுவாள், அவன் பின்பாட்டு. நாளாக நாளாக இழுவை கொஞ்சம் குறைந்தது, வார்த்தை கூடியது.

லயத்துக்காரர்களுக்குத்தான் குலை நடுங்கியது. உயிரோடு ஆள் இருக்கிற வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. லோரிக்கு வைத்தால் பரவாயில்லை. வீட்டுக்குள் வைத்தால் சாவை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. புகார் போனது பழனியப்பனிடம்.

பழனியப்பன் எங்கள் கங்காணி. கோயில் தலைவர். எல்லாவற்றுக்கும் மேல் நாகப்பனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவர் இருமினால் தோட்டத்தில் பாதிப் பேர் பனியன் போட்டுக்கொள்வார்கள்.

"ஏம்மா ராசம்மா, எமனுக்கு நீயே வழி காட்டுறியா?"

"வரட்டும் மாமா. வந்தா அவருக்கும் ஒரு கோப்பி போடுறேன். இத்தனை வீட்டுல பாத்துருக்கேன், எனக்குப் பழகுன ஆளுதான்."

"நாக்கை அடக்கு புள்ள!"

"அடக்கிக் கெடந்த நாக்குதான மாமா இப்ப எந்திரிச்சிருக்கு. அதை மறுபடி படுக்க வெக்கச் சொல்றீங்களா?"

பழனியப்பன் அத்தோடு போயிருக்கலாம். ஆனால் அவர் பெரிய விஷயத்துக்கு வந்திருந்தார். நாகப்பனின் மகள் ஜெயாவுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்தது. மாப்பிள்ளை அர்ஜுனன், கம்போங் ராஜா பக்கத்துத் தோட்டம். எங்கள் வழக்கத்தில் தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா எழுந்து நின்று, "பரிசம் ஒனக்கு, பொண்ணு எனக்கு," என்று சபையில் சொல்வார். பெண்ணின் அப்பா, "பொண்ணு ஒனக்கு, பரிசம் எனக்கு," என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மூன்று தடவை. அப்பா இல்லாத பெண்ணுக்குப் பெரியப்பா சொல்வார்.

"நான் சொல்லிர்றேன்," என்றார் பழனியப்பன். "தம்பிக்கு வாயில்ல. வாயில்லாதவனை சபையில நிறுத்தி மானத்த வாங்காத."

கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த ஜெயா நிமிர்ந்தாள். "அப்பா செத்துப் போனாத்தான பெரியப்பா நீங்க சொல்லணும்?"

அப்போது கட்டிலிலிருந்து வந்தது குரல். இடது கை தொடையில் தட்ட, கண்ணில் தண்ணீர் ஓட, அதே ராகத்தில்: "நான் இருக்கேன் அண்ணே... நான் இருக்கேன்..."

பழனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பரிசத்துல இந்த எழவு ராகம் கேட்டா, மாப்பிள்ளை வீட்டாளுங்க வந்த லோரியிலேயே திரும்பிருவாங்க. அப்புறம் ஒம் மவளை நீயே வெச்சுப் பாடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இராசம்மா அதை யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திடீரென்று கேட்டால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். அப்படியானால் திடீரென்று கேட்கக் கூடாது. பரிசத்துக்கு முன்னால் இந்த மலையில் இருக்கிற அத்தனை காதுக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும்.

மறுநாள் பெரட்டுக் களத்தில், கொழுந்து நிறுக்கிற மேடை மேல் ஏறி நின்றுவிட்டாள். கணக்கு எழுதுகிற கிராணி கூப்பிடக் கூப்பிட இறங்கவில்லை. "எங்க வீட்டுல இருந்து ஒப்பாரி கேட்டா யாரும் ஓடி வராதீங்க! அது சாவு இல்ல, தெரப்பி! மிஸி சொல்லிருக்கு!" என்று ஆரம்பித்து, மூளையில் இருக்கிற இரண்டு இடத்தையும் தன் தலையிலேயே தட்டிக் காட்டினாள்.

"அக்கா, என் பல்லு வலிக்கு எந்த ராகம்?" என்று கூட்டத்திலிருந்து ஒருவன்.

"பல்லுக்குப் பல்லு புடுங்குறவன்கிட்ட போடா. பாட்டு எதுக்கு ஆகுமோ அதுக்குத்தான் ஆகும். நான் மந்திரவாதின்னு சொன்னேனா?"

"எம் பொண்டாட்டி பேசிக்கிட்டே இருக்கா. நிறுத்த ஏதாச்சும் பாட்டு இருக்கா?"

"அவ பேச்சு நின்ன அன்னிக்குத் தெரியும்டா ஒனக்கு. எங்க வீட்டுல ஆறு மாசம் நின்னுச்சு. வந்து கேளு என்னை."

கேட்டவன் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

தண்ணீர்க் குழாயில் சொன்னாள். கோயில் வாசலில் சொன்னாள், பூசாரி மணியை அடித்து அடித்துப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோசு மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னாள். கடை முதலாளி சீனத் தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் கோப்பி ஒப்பாரியைப் பாடிக் காட்டியபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முட்டைக்கோசை இனாமாகக் கொடுத்தார். ஷஹாபுதீன் பாய் கடையில் போய், நாலு மேசைக்கும் கேட்கிற மாதிரி ஒப்பாரியிலேயே ரொட்டி சானாய் கேட்டாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் ஆள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார். லீவு நாளில் மிஸி ஹஃபீசாவே எங்கள் களத்துக்கு வந்து, கூச்சத்தோடு பத்து வார்த்தை சொன்னாள். அந்தப் பத்து வார்த்தையை இராசம்மா பத்தாயிரம் ஆக்கி, சுற்றியிருக்கிற தோட்டங்களுக்கெல்லாம் கொண்டு போனாள்.

எல்லாரும் நம்பினார்களா? பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பாதி, புருஷன் வியாதியில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். பழனியப்பன், "பாடியே தம்பியைக் கொல்றா," என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பரிச நாள் வந்தது. வாசலில் தார்ப்பாய் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் லோரியில் வந்து இறங்கினார்கள். பட்டுச் சேலையும் மல்லிகையும் குளிருக்குக் கம்பளிச் சட்டையுமாகப் பெண்கள். வர மாட்டேன் என்று சொன்ன பழனியப்பன் எல்லாருக்கும் முன்னால் வந்து, வெள்ளை வேட்டியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாயெல்லாம் கொப்பளித்துத் தயாராக வந்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தங்கராஜு தட்டோடு எழுந்தார். "பரிசம் ஒனக்கு, பொண்ணு எனக்கு."

எல்லாக் கண்ணும் நாகப்பன் மேல். அவன் தன் தட்டைப் பிடித்து எழுந்தான். வாய் திறந்தது. "பொ..." அங்கேயே நின்றது. மறுபடி, "பொ..." கழுத்து நரம்பு புடைத்தது. பழனியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மாமா," என்றாள் இராசம்மா. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புருஷன் கையிலிருந்த தட்டைத் தான் தாங்கிக்கொண்டு, அவன் இடது கையை விடுவித்தாள். "தட்டுங்க. நம்ம ராகத்துலயே வாங்க."

நாகப்பன் கண்ணை மூடினான். கை தொடையில் விழுந்தது.

"பொண்ணு ஒனக்கு... நான் பெத்த கண்ணு ஒனக்கு... பரிசம் எனக்கு..."

முழு ஒப்பாரி. விக்கல் உட்பட. அப்போது நடந்ததை நாங்கள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய பொம்பளைகள், அந்த ராகம் காதில் விழுந்ததும், பழக்க தோஷத்தில் சடாரென்று வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, "ஆமா... ஆமா..." என்று பின்பாட்டு எடுத்துவிட்டார்கள். மல்லிகை கொட்டியது. ஒருத்தி மாரில் இரண்டு அடிகூட அடித்துக்கொண்டாள். பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று விழித்துப் பார்த்தார்கள்.

முதலில் எழுந்தவள் தங்கராஜுவின் அக்கா அம்மாக்கண்ணு. அடித்துக்கொண்டவளும் அவள்தான். "ஐயையோ, பரிசத்துல எழவா! தட்டை எடுங்கடா, கெளம்புங்க!"

லோரிப் பக்கம் நாலு பேர் நடந்தே விட்டார்கள். ஜெயா அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அர்ஜுனன் வேட்டி நுனியைத் திருகினான். பழனியப்பன், "நான் அப்பவே சொன்னேன்," என்றார்.

இராசம்மா தட்டைக் கீழே வைக்கவில்லை.

"கேளுங்க! இவரு ஆறு மாசம் சுவத்தைப் பாத்துப் படுத்துருந்தாரு. அப்ப எந்த எமனும் வரலை, நீங்களும் யாரும் வரலை. இந்த ராகத்துலதான் எந்திரிச்சு உக்காந்தாரு. இதுலதான் சோறு கேக்குறாரு, இதுலதான் மவளைக் கூப்புடுறாரு, இதுலதான் குடுப்பாரு. இந்த ராகம் ஆகாதுன்னா தட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா இவரு இருக்கும்போது வேற எவனும் எம் மவளைக் குடுக்க முடியாது. போறவங்க சாப்பிட்டுப் போங்க. ஆட்டுக்கறி வெந்துருச்சு."

தங்கராஜு அக்காவைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார். பிறகு பழனியப்பனைப் பார்த்து, "பொண்ணோட அப்பா சொய நினைவே இல்லாத ஆளுன்னுல்ல நீங்க சொன்னீங்க?" என்று கேட்டார். பழனியப்பனுக்குத் தொண்டை திடீரென்று சரியாகிவிட்டது, செருமவே இல்லை.

"வாயால சொல்லணும்னுதான் வழக்கம். என்ன ராகத்துல சொல்லணும்னு வழக்கத்துல இருக்கா? ஒரு தடவை சொல்லிட்டாரு," என்ற தங்கராஜு, தட்டை மறுபடி உயர்த்தினார். "இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. பரிசம் ஒனக்கு, பொண்ணு எனக்கு. சொல்லுங்க சம்பந்தி."

நாகப்பன் சொன்னான். இரண்டாவது தடவை விக்கல் இல்லை. மூன்றாவது தடவை இழுவை பாதிக்குப் பாதி குறைந்து, "பொண்ணு ஒனக்கு" என்பது பாட்டா பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாத மாதிரி வந்தது. தட்டு மாறியது. லோரிப் பக்கம் போனவர்கள் ஆட்டுக்கறிப் பக்கம் திரும்பி வந்தார்கள்.

அம்மாக்கண்ணு சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னது: "மூணாவதுல சொரத்தைக் கொறைச்சுட்டாரு. மொதல்லதான் நல்லா இருந்துச்சு."

நாகப்பன் அதற்குப் பிறகும் முழுசாகப் பேசவில்லை. கொஞ்சம் பேசினான், முட்டுகிற இடத்தில் பாடினான். ஆனால் அவன் கிண்டல் திரும்பி வந்துவிட்டது. ஒப்பாரியில் கிண்டல் செய்தால் இரண்டு மடங்கு வலிக்கும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பரிசத்தில் நடந்தது லோரியை விட வேகமாக மலையைச் சுற்றியது. வாதம் அடித்த ஒருவரை முதுகில் தூக்கிக்கொண்டு கம்போங் ராஜாவிலிருந்து வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்து வாயே திறக்காமல் இருந்த ஒருத்தியை அவள் தங்கை கூட்டி வந்தாள். இராசம்மா யாருக்கும் குணமாகும் என்று சத்தியம் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்குப் பழகிய பாட்டு எது என்று கேட்டாள், அதையே பாடினாள். சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. வராதவர்களும் மறுவாரம் வந்தார்கள். மிஸி ஹஃபீசா டாக்டரிடம் பேசி, வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி வார்டிலேயே அவளை உட்கார வைத்தாள். ஒரே ஒரு நிபந்தனை: ஒப்பாரி என்றால் கதவைச் சாத்திக்கொண்டு பாட வேண்டும், மற்ற வார்டில் இருப்பவர்கள் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொள்கிறார்கள்.

பழனியப்பன் விடுகிற ஆள் இல்லை. கோயில் கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று சொன்னார்.

"எது சாவு, எது வைத்தியம்னு தெரியாம சனங்க ஓடிக்கிட்டுக் கெடக்குதுங்க. கமிட்டி முடிவு பண்ணிருச்சு. உசுரோட இருக்கிறவங்களுக்குப் பாடுற வாயால இனி சாவு வீட்டுல நீ பாடக் கூடாது."

மலையிலேயே பெரிய ஒப்பாரிக்காரிக்கு அது சின்ன அடி இல்லை. அவள் பேர் எடுத்ததே அந்த வீடுகளில்தான். இராசம்மா கூடைக் கயிற்றை நெற்றியில் சரி செய்துகொண்டாள். உள்ளே அவளுக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"சாவு வீட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க மாமா," என்றாள். "எனக்கு உசுரோட இருக்கிறவங்களுக்கே நேரம் பத்தல."